முதல் பரிசு வாங்கிய சிசு யாகப்பன்

யுத்தம் முடிந்த மறுவருஷம், ஐப்பசி மழையில், சிங்கவரத்துக்கு அந்தண்டை இருக்கும் அந்தோணியார்பேட்டையின் பொதுக்கிணற்றில் ஒரு ஆடு விழுந்து செத்துப்போனது. மூன்று நாள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆட்டை எடுத்துப் புதைத்தார்கள். ஏற்றம் கட்டி ஒரு பகல் பூராவும் இறைத்தார்கள். அப்படியும் தண்ணீர் நாறியது. நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு. பெண்கள் ஒன்றரை மைல் தள்ளி ஏரிக்குப் போய், வழுக்கும் வரப்பில் குடத்தோடு நடந்து வந்தார்கள். ஏரித் தண்ணீரும் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது.

செஞ்சியில் சுகாதார ஆபீஸ் ஒன்று இருக்கிறது, அங்கே கிணற்றுக்குப் போடும் மருந்து கிடைக்கும், போட்டால் தண்ணீர் கத்தரிப்பூ நிறமாகிப் பிறகு தெளிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். போய்க் கேட்டு வர யாகப்பனை அனுப்பினார்கள். அவனுக்குத் தனித் தகுதி எதுவும் கிடையாது. அன்றைக்குப் பேட்டையிலேயே காய்ந்த சட்டை அவன் ஒருவனிடம்தான் இருந்தது.

யாகப்பனுக்கு வயது நாற்பத்திரண்டு. மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் செய்கிறவன். இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தை நிறுத்தலாம் போன்ற மீசை. அதை வைத்து அவனை முரடன் என்று நினைப்பவர்கள் உண்டு. பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செஞ்சி வட்டாரச் சுகாதார சேமநல நிலையம் கடைத்தெருவின் கோடியில், ராஜகிரி மலைக்கு முகம் காட்டி இருந்தது. வாசலில் கை கழுவ ஒரு தொட்டி. அது அசுத்தமாகிவிடக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்கள். உள்ளே தலைமை குமாஸ்தா தனகோட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு டப்பாக்கள் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் 'கிணற்று மருந்து' என்று சிவப்பு எழுத்து. பியூன் அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கெணத்துக்கு மருந்து வோணும் சார். ஆடு வுழுந்து செத்துப்பூட்சி" என்றான் யாகப்பன்.

"ஆடு கால்நடை இலாகா."

"ஆட்டைப் பொதைச்சிட்டோம் சார். இப்ப கெணறுதான் இருக்குது."

"கிணறு ஜில்லா போர்டு."

"தண்ணி நாறுது சார்."

தனகோட்டி பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். "நாத்தம் நம்ம இலாகாதான்" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். "மனு கொடு."

"மருந்து தோ ஒங்க பின்னாலயே இருக்குதே சார்."

"அது அவசரத்துக்கு வெச்சிருக்கறது. இன்னைக்கு உனக்கு எடுத்துக் குடுத்துட்டா, நாளைக்கு அவசரம் வந்தா நான் என்ன பண்றது?"

யாகப்பனுக்கு அது சரியாகத்தான் பட்டது. தெருவுக்கு வந்த பிறகுதான் எங்கேயோ இடித்தது. ஆனால் தெருவுக்கு வருவதற்கு முன் மனு எழுத வேண்டியிருந்தது.

மனுவுக்குக் காகிதம் இல்லை. யுத்தத்தில் வந்த காகிதக் கட்டுப்பாடு, யுத்தம் போன பிறகும் போகவில்லை. தலைமை ஆபீஸ் அனுப்பியிருந்தது நாலாயிரம் சிசுப் பதிவுப் படிவங்கள் மட்டும்தான். ஆகவே எல்லாக் காரியமும் அதன் பின்பக்கத்தில் நடந்தது. தனகோட்டி லீவு கேட்டதுகூட அதில்தான்.

"பின்பக்கம் உன் கிணறு. ஆனா முன்பக்கம் காலியா விடக் கூடாது, ரூல். பேரு?"

"யாகப்பன்."

"வயசு?"

"நாப்பத்திரண்டு."

நாற்பத்திரண்டு என்று எழுதினார். அந்தக் கட்டத்துக்கு மேல் 'மாதங்களில்' என்று அச்சடித்திருந்தது. அது யாகப்பனின் குற்றம் இல்லை.

"பல்லு எத்தனை?"

"முப்பத்தொண்ணு சார். ஒண்ணு போன தையில பூட்சி."

"நடக்குதா?"

"அந்தோணியார்பேட்டைலேர்ந்து நடந்துதான் சார் வந்தேன்."

"பேச்சு வந்துடுச்சா?"

யாகப்பன் பதில் சொல்லாமல் விழித்தான். 'சில சமயம்' என்று எழுதிக்கொண்டார் தனகோட்டி.

படிவம் முடிந்ததும் பக்கத்து அறையிலிருந்து அம்மை குத்தும் பச்சைமுத்து ஊசியோடு வந்தார். அவருக்கு மாதம் இருபது சிசு குத்தியாக வேண்டும். அவர் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டாலே தாய்மார்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு மலைக்கு ஓடிவிடுவதால், அந்த மாதம் பதினாறோடு நின்றிருந்தது. பதினேழாவது தானாகவே நடந்து வந்திருக்கிறது. "சட்டையைக் கழட்டு" என்றார் ஆசையோடு. இரண்டு கையிலும் குத்தினார்.

எட்டு நாள் கழித்து, வீங்கிய கைகளோடு யாகப்பன் மறுபடி வந்தான். பேட்டையில் ஒரு கிழவரும் மூன்று பிள்ளைகளும் படுத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் காத்தாயி என்கிற எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி குடத்தோடு வழுக்கி விழுந்து, நல்லவேளையாகக் குடம் மட்டும் உடைந்தது.

தனகோட்டி பேரேட்டைப் புரட்டினார். "சிசு நம்பர் பதினேழு. ஆமா, இருக்கு."

"பின்பக்கம் பாருங்க சார். கெணறு அங்கதான் இருக்குது."

"பின்பக்கம் பசை போட்டு ஒட்டியாச்சே."

யாகப்பன் எட்டிப் பார்த்தான். அவனுடைய படிவம் பேரேட்டில் பலகை மாதிரி ஒட்டியிருந்தது. கிணறு அதற்குள்ளே போய்விட்டது.

"அப்ப வேற மனு எழுதிக்கங்க சார்."

"சிசு மனு போட முடியாது. கையெழுத்து செல்லாது. அது மட்டுமில்ல, சிசு ஆபீசுக்குத் தனியா வரவே கூடாது. வழியில வண்டி கிண்டி மோதினா யார் பொறுப்பு? தாயாரைக் கூட்டிட்டு வா."

"எங்கம்மா செத்துப் பன்னண்டு வருசம் ஆவுது சார்."

"த்சொ, த்சொ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார் தனகோட்டி. "இவ்ளோ சின்ன வயசுல. அப்ப யார் வளர்க்கறாங்க?"

"வூட்ல பொண்டாட்டி இருக்குது."

'போஷகர்: ராயம்மாள்' என்று பேரேட்டில் ஏறியது. உறவு என்ற கட்டத்தை நாசூக்காகக் காலியாக விட்டார்.

வீட்டுக்குப் போய் யாகப்பன் இதைச் சொன்னபோது ராயம்மாள் ஏரியிலிருந்து மூன்றாவது நடை முடிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முழுவதும் கேட்டாள்.

"பதினெட்டு வருசமா அத்தத்தான செய்யறேன். இத்தக் கண்டுபுடிக்க ஒரு ஆபீஸ் வோணுமா?" என்றாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "வா, போவலாம்" என்றாள்.

இந்தத் தடவை பெரிய மரியாதை கிடைத்தது. சிசு போஷகருடன் வந்திருப்பதால் எடை போட்டார்கள். சிசுத் தராசின் தட்டில் யாகப்பனின் ஒரு காலை வைத்ததுமே கொக்கி நிமிர்ந்துவிட்டதால், எதிரே இருந்த மல்லாட்டை மண்டிக்கு அழைத்துப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் உட்கார வைத்தார்கள். நூற்று முப்பத்தெட்டு ராத்தல். மண்டிக்காரர் பழக்க தோஷத்தில் சாக்குக்காக இரண்டு ராத்தல் கழித்தார்.

சிசுவுக்கு உரியதெல்லாம் கொடுத்தார்கள். பால் பவுடர் ஒரு டப்பா. விளக்கெண்ணெய் ஒரு சீசா. பட்டாளத்துக்காகச் சீமாட்டிகள் பின்னி, பட்டாளம் கலைந்துவிட்டதால் மிஞ்சிப்போன கம்பளிக் குல்லாய் ஒன்று. அன்றைக்குத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. யாகப்பன் குல்லாயைப் போட்டுக்கொண்டான். கதகதப்பாகத்தான் இருந்தது. ராயம்மாள் பார்த்த பார்வையில் கழற்றிவிட்டான்.

நிலையத்தின் அதிகாரி டாக்டர் கலியபெருமாளின் அறைக்குள் போனார்கள். சிவந்த, பருத்த, சந்தோஷமான மனிதர். யாராவது எதிரே நின்றால் அவருக்குப் பிரசங்கம் வந்துவிடும்.

"உட்காரும்மா. இந்த வட்டாரம் புண்ணியம் பண்ணியிருக்கிறது. நான் பொறுப்பேற்று நாலு வருஷத்தில் வாந்திபேதி ஒன்றுகூடப் பதிவாகவில்லை. காரணம் என்ன? சொல்லு பார்க்கலாம்."

ராயம்மாளுக்குத் தெரியவில்லை.

"வாந்திபேதிப் பதிவுப் புத்தகம் அச்சாகி வரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்பட்டு வரவழைத்து என்ன லாபம்? நோயாளிகள் எண்ணிக்கை ஏறும். ஜனங்களுடைய நன்மைதான் எனக்கு முக்கியம். கொசுவை எடுத்துக்கொள். போன வருஷம் கொசு ஒழிப்புக்கு மூன்று மகாநாடு நடத்தினோம். மூன்றுக்கும் கொசு வந்திருந்தது. அடுத்தது, குடிதண்ணீர்…"

"அதுக்குத்தான் சார் வந்தோம்" என்று ராயம்மாள் உள்ளே புகுந்தாள். "கெணறு நாறுது. தெருவுல நாலு பேரு போய்க்கினே இருக்கறாங்க."

"பதிவு செய்துகொண்டார்களா?"

"எயுந்து நிக்கவே முடியல சார்."

"அப்படியானால் அது பதிவாகாத வயிற்றுப்போக்கு" என்றார் டாக்டர் ஆறுதலாக. "அதற்கெல்லாம் பயப்படாதே. நான் பயப்படுவதில்லை."

வெளியே வந்து இருவரும் கோட்டை மதில் ஓரம் நடந்தார்கள். விளக்கெண்ணெய்ச் சீசாவை ராயம்மாள் சுமந்து வந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியல" என்றான் யாகப்பன் கடைசியில். "சத்தியமா சொல்லு, நான் எத்தையாச்சும் தப்பா சொல்லிப்புட்டனா?"

"நீ சொன்னதெல்லாம் சரிதான். அத எழுதினவன்தான் எமன்."

மாதக் கடைசியில் செஞ்சி வட்டாரத்துச் சிசுக்களின் எடைக் கணக்கு தலைமை ஆபீசுக்குப் போனது. போன மாதச் சராசரி பதினெட்டு ராத்தல். இந்த மாதச் சராசரி இருபத்தைந்து. மாகாணத்தில் எங்கேயும் இப்படி நடந்ததில்லை. பஞ்ச காலத்தில், ரேஷன் கேழ்வரகில் இதைச் சாதித்த டாக்டர் கலியபெருமாளைப் பாராட்டி, தலைமை ஆபீசின் பெரிய அதிகாரி தம் கையால் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார். வரும் சுகாதார வாரத்தில் செஞ்சியில் நடக்கும் குழந்தைக் காட்சிக்குத் தாமே வருவதாகவும், நம்பர் பதினேழைத் தூக்கிக் கொஞ்ச ஆவலாக இருப்பதாகவும் கண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து பியூன் அந்தோணியார்பேட்டைக்கு வந்து, தெரு நடுவில் நின்று உத்தரவைப் படித்தான். "சிசு யாகப்பனைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, கண்ணுக்கு மை தவிர்த்து, பசியாற்றி, அழாத நிலையில் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவர வேண்டியது. தவறினால் போஷகர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும்."

தெரு சிரித்த சிரிப்பில், படுத்திருந்த கிழவர்கூட எழுந்து உட்கார்ந்து என்ன என்று கேட்டார். யாகப்பன் மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டான். சாயங்காலம் ராயம்மாள்தான் போய் இழுத்து வந்தாள்.

"நான் வர மாட்டேன். மானம் பூடும்."

"மானம் பூட்டா கெணறு வருமான்னு பாப்போம். வா."

காட்சி கடைத்தெருப் பந்தலில். மாவிலைத் தோரணம், நாயனம், மேடை. மேடைக்கு அழகாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு கிணற்று மருந்து டப்பாக்களையும் கொண்டுவந்து கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். ஐம்பது தாய்மார்களுக்கு ஜமக்காளம் விரித்திருந்தது. ஆனால் பச்சைமுத்து பந்தல் வாசலிலேயே, ஒருவரையும் விட்டுவிடக் கூடாதென்று, ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வந்த தாய்மார்கள் தூரத்திலிருந்தே அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கூட நடக்கவில்லை, ஓடினார்கள். ஒன்பது மணிக்குக் குழந்தைக் காட்சியில் இருந்த ஒரே குழந்தை யாகப்பன். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீசை பளபளக்க, ஜமக்காளத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ராயம்மாள். பந்தலுக்கு வெளியே பேட்டை பூராவும்.

பெரிய அதிகாரி காரை விட்டிறங்கி மேடைக்கு வந்தார். கைகளை நீட்டிக்கொண்டே, "எங்கே அந்தக் கட்டித் தங்கம்?" என்று கேட்டார்.

டாக்டர் கலியபெருமாள் வியர்த்துக்கொண்டே காட்டினார். யாகப்பன் எழுந்து நின்று கும்பிட்டான்.

பெரிய அதிகாரியின் கைகள் நீட்டியபடியே நின்றன. பேரேட்டை வாங்கிப் பார்த்தார். யாகப்பனைப் பார்த்தார். மறுபடி பேரேட்டைப் பார்த்தார். நூற்று முப்பத்தாறு ராத்தல். முப்பத்தொரு பல். எல்லாம் சரியாக இருந்தது. கீழே அவருடைய பாராட்டுக் கடிதத்தின் நகல் ஒட்டியிருந்தது. அதில் அவருடைய கையெழுத்து. அந்தக் கடிதத்தின் இன்னொரு நகல் சென்னைக்குப் போயிருக்கிறது என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"மீசை இருக்கிறதே" என்றார் மெதுவாக.

"மீசைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை சார்" என்றார் தனகோட்டி.

பெரிய அதிகாரி பெருமூச்சு விட்டார். பிறகு முகத்தை மலர்த்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"மகாஜனங்களே! இலாகாவில் நான் இருபத்தாறு வருஷம். எத்தனையோ குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காகிதத்தில். நேரில் பார்க்கும்போது மனத்தாங்கல் வருவது சகஜம். நேரில் பார்ப்பதை நம்ப ஆரம்பித்தால் இலாகா நடக்காது! இந்தச் சிசு நம்முடைய சேவைக்குச் சாட்சி. சில குழந்தைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுகின்றன. அதற்குக் காரணம் நாம்தான்!"

முதல் பரிசு யாகப்பனுக்கு. இரண்டாம் பரிசுக்கும் மூன்றாம் பரிசுக்கும் ஆள் இல்லாததால் அவையும் அவனுக்கே. மூன்று பதக்கங்களைச் சட்டையில் குத்தும்போது, அவனையறியாமல் யாகப்பனுக்குக் கண் கலங்கியது. பிறந்ததிலிருந்து அவனை யாரும் எதற்காகவும் நாலு பேர் எதிரில் மெச்சியதில்லை. 'சிசு அழுதது' என்று தனகோட்டி குறித்துக்கொண்டார்.

"இன்னுமொரு பரிசு" என்றார் பெரிய அதிகாரி, கைதட்டலில் உற்சாகம் ஏறி. "இந்தக் குழந்தைக்கு என்ன மருந்து வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும், இந்த நிலையம் இலவசமாகத் தர உத்தரவிடுகிறேன். கேள் அம்மா."

ராயம்மாள் கோபுரத்தைக் காட்டினாள். "அதுல ரெண்டு டப்பா."

டாக்டர் கலியபெருமாள் எழுந்துவிட்டார். "அது கிணற்று மருந்து! குழந்தைக்குக் கொடுக்கிறதில்லை!"

"சும்மா குடுக்க மாட்டேன் சார். தண்ணில கலந்துதான் குடுப்பேன்."

"எவ்வளவு தண்ணீரில்?" என்று கேட்டார் பெரிய அதிகாரி, பேனாவைத் திறந்து.

"எங்க ஊரு கெணறு கொள்ற தண்ணில."

பெரிய அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. இருபத்தாறு வருஷமாக அதை யாரும் கேட்காததால் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். 'சிசு நம்பர் 17-க்கு. இரண்டு டப்பா. தேவையான தண்ணீரில் கலந்து, உடனே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பியூன் கோபுரத்தின் உச்சியிலிருந்து இரண்டை இறக்கினான். தனகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானமே கிணறு கத்தரிப்பூ நிறமானது. மறுநாள் தெளிந்தது. பேட்டை பூராவும் கயிறு பிடித்து மீண்டும் ஒரு தடவை இறைத்தார்கள். புது ஊற்று வந்த அன்று, ராயம்மாள் முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தெருவை இரண்டு தடவை சுற்றி வந்தாள். கிழவரும் மூன்று பிள்ளைகளும் தேறினார்கள்.

ஊர் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த திங்கட்கிழமை அந்தோணியார்பேட்டையிலிருந்து பதினோரு பேர் குளித்து, நகம் வெட்டி, மனைவிமாரோடு போய் நிலையத்தின் வாசலில் நின்றார்கள். அவர்களில் காஸ்பருக்குச் சிரங்கு மருந்து வேண்டியிருந்தது. ஒருவனுக்குக் குளிர்காய்ச்சலுக்குக் கொயினா. ஒருவனுக்குக் குல்லாய் மட்டும் போதும். தனகோட்டி படிவங்களை எடுத்தார். பச்சைமுத்து சந்தோஷத்தில் ஊசியை இரண்டு தடவை கீழே போட்டார். சராசரி எடை எழுபதைத் தாண்டியது. டாக்டர் கலியபெருமாளைப் பதவி உயர்த்தித் தலைமை ஆபீசுக்கே அழைத்துக்கொண்டார்கள்.

நாற்பது வீடுள்ள ஊரில் இரண்டே மாதத்தில் பன்னிரண்டு சிசு பதிவாகியிருப்பதைக் கண்டு தலைமை ஆபீஸ், விதிப்படி, அங்கே ஒரு நர்சைப் போட்டது.

மார்கழியில் ஒரு காலை அவள் வந்தாள். செல்லம்மாள் என்று பெயர். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் தோல் பை, மழையில் நனைந்த செருப்பு. கிணற்றங்கரையில் நின்று பட்டியலை விரித்து, "பன்னண்டு சிசுவையும் கூப்பிடுங்க" என்றாள்.

பன்னிரண்டு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். முதலில் யாகப்பன், பதக்கங்களோடு. எதற்கும் இருக்கட்டும் என்று குத்திக்கொண்டு வந்திருந்தான்.

செல்லம்மாள் பட்டியலைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. தோல் பையைக் கீழே வைத்துவிட்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க வரிசையும் சிரித்தது. காஸ்பருக்கு விக்கல் எடுத்துக்கொண்டது. ஒருவழியாக நிமிர்ந்து, தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"செரி. நெசமாவே ஊர்ல கொழந்தைங்க இருக்குதா?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

"பதினாலு இருக்குது" என்றாள் ராயம்மாள். "ஒண்ணுகூட எதுலயும் எயுதல. ஊசிக்காரரப் பாத்து ஓடிப்பூடுவாங்க. இங்க பிரசவம் பாக்கறதுக்கும் ஆள் இல்ல. காத்தாயி பெத்து ஒம்போது நாள் ஆவுது. புள்ள சரியா பால் குடிக்கல."

செல்லம்மாள் சிரிப்பை நிறுத்திப் பையை எடுத்துக்கொண்டாள். "எந்த வூடு?"

காத்தாயி பயந்துகொண்டே கதவைத் திறந்தாள். செல்லம்மாள் முதலில் பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. ஏனத்தில் தண்ணீர் வாங்கி முழங்கை வரை கை கழுவினாள். குழந்தையை வாங்கி மடியில் போட்டு, வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல, வாய்ப்புண்ணு. நாலு நாள்ல போயிடும்" என்றாள். வாசலில் எட்டிப் பார்த்த யாகப்பனைக் கூப்பிட்டு, ஒரு துணியின் நாலு முனையையும் அவன் கையில் கொடுத்து, பையிலிருந்து எடுத்த கொக்கித் தராசில் கட்டிப் பிடிக்கச் சொன்னாள். யாகப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

துணித் தொட்டிலில் குழந்தை வீறிட்டது. பிறகு அவன் சட்டையெல்லாம் நனைத்தது.

"அஞ்சே முக்கா ராத்தல்" என்றாள் செல்லம்மாள். "பேரு இன்னா வெச்சிருக்கீங்க?"